கண்ணாடித் தொட்டியும் கிழமைக்கொரு வாளி நீரும்

வீட்டின் முன்னறையிலே ஒரு கண்ணாடித் தொட்டி. அதனுள்ளே பச்சைப்பசேலென்ற நீர்ச்செடிகள். அவற்றினிடையே மறைந்தும் வெளிப்பட்டும் திரியும் சிறு மீன்கள். இக்காட்சியை விரும்பாதார் யார்? சிறுவர்க்கு அது வேடிக்கை. முதியோர்க்கு அது மன ஆறுதல். மாணவர்க்கோ அது வீட்டுக்குள்ளேயே அமைந்த ஓர் ஆய்வுகூடம். ஆயின், ஆவலோடு வாங்கிய தொட்டி ஆண்டொன்று நிறையுமுன்னரே கிணற்றடியிற் கவிழ்ந்து கிடப்பதையும் பல இல்லங்களிற் காண்கின்றோம். காரணம் வினவினால், "மீன்கள் செத்துப் போயின" என்பர். எப்போது செத்தன என்று மேலும் வினவினால், "தொட்டியை நன்றாகக் கழுவிப் புதுநீர் விட்ட மறுநாள்" என்னும் விடை வரும்.

அழுக்கு நீரிலே மாதக் கணக்காக வாழ்ந்த மீன், தூய நீரிலே ஓர் இரவுக்குள் இறப்பானேன்? இவ்வினாவுக்கு விடை கண்டவர்க்கு, நீரை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது என்னும் ஐயங்கள் தாமே தீர்ந்துவிடும். எனவே அதனையே இன்று ஆராய்வோம்.

மாற்றாத நீர் என்னும் கனவு

நீர்ச்செடி வளரும் தொட்டிக்கு நீர் மாற்றவே வேண்டியதில்லை என்று கூறுவோர் உளர். இக்கருத்துக்கு நெடிய வரலாறு உண்டு. இலண்டனில் வாழ்ந்த இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன் என்பார், பன்னிரண்டு கலன் கொள்ளும் ஒரு பாத்திரத்தில் இரண்டு சிறு பொன்மீன்களையும் வலிசினேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒருங்கே வைத்துச் சோதித்தார். செடி வெளிவிடும் ஒட்சிசனை மீன் சுவாசித்தது; மீன் வெளிவிட்ட காபனீரொட்சைட்டைச் செடி ஏற்றது. ஆயினும் செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கத் தொடங்கவே, அவற்றை உண்ணும் குளத்து நத்தைகளையும் சேர்த்தார், நீர் தெளிந்தது. தாம் கண்ட முடிவுகளை 1850 ஆம் ஆண்டில் வெளியிட்டார். விலங்கும் தாவரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் "சமநிலைத் தொட்டி" என்னும் எண்ணம் அங்ஙனம் பரவியது.

எண்ணம் அழகியதே, ஓரளவு உண்மையுமானதே. ஆயின் நம் வீட்டுத் தொட்டிக்கு அது முழுவதும் பொருந்துவதில்லை. ஏனெனில், நாம் நாள்தோறும் வெளியிலிருந்து உணவிடுகின்றோம். பன்னிரண்டு கலனுக்கு இரண்டு மீன் என்று நிறுத்திக்கொள்வாரும் நம்மிற் சிலரே. உள்ளே போவது நிற்காதவரை, வெளியே எடுப்பதும் நிற்றலாகாது. நீர் மாற்றுதலின் தத்துவம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

உள்ளே போவதும் வெளியே வருவதும்

மீன் உண்ட உணவிலுள்ள நைதரசன், பெரும்பாலும் அதன் பூக்களின் வழியாக அமோனியாவாக நீரிற் கலக்கின்றது. தின்னாது விடப்பட்ட உணவும் அழுகிய இலையும் அமோனியாவையே தருகின்றன. அமோனியா மீனுக்குக் கொடிய நஞ்சு. நல்வினையாக, மணலிலும் வடிகட்டியிலும் குடியேறிய ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்று முன்னைய இரண்டையும் போலக் கொடியதன்று. ஆயினும் நாளுக்கு நாள் திரண்டு வருவது.

செடிகள் இங்கே பேருதவி புரிகின்றன. அமோனியாவையும் நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் அவை உணவாக ஏற்கின்றன. ஆயின் ஏற்றவற்றை எங்கே வைக்கின்றன? தம் இலையிலும் தண்டிலுமே. அவ்விலை தொட்டிக்குள்ளேயே அழுகுமாயின், ஏற்றதெல்லாம் மீண்டும் நீருக்கே வந்து சேரும். செடியைக் கத்தரித்து வெளியே எடுக்கும்போதுதான் அழுக்கு உண்மையாகவே தொட்டியை விட்டு நீங்குகின்றது. ஆதலால், கத்தரிக்கோலும் வாளியும் ஒரே தொழிலைச் செய்யும் இரு கருவிகள் என்று கொள்க.

இனி, செடிகள் ஏற்காது விடுவனவும் உள. சோடியம், குளோரைட்டு முதலிய உப்புகளும், நீருக்கு இளமஞ்சள் நிறம் தரும் சேதனப் பொருள்களும் மெல்ல மெல்லத் திரள்கின்றன. இதற்கு மாறாக, கல்சியம், மகனீசியம், பொற்றாசியம் முதலியன செடிகளாலும் நத்தைகளாலும் செலவாகிக் குறைகின்றன. கூடியதைக் குறைத்தல், குறைந்ததைக் கூட்டுதல் ஆகிய இரண்டினையும் ஒருங்கே செய்வது புதுநீர்.

ஒரு சிறு கணக்கு

மாணவர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்வார்களாக. ஒரு தொட்டியில் கிழமைதோறும் 10 பங்கு நைத்திரேற்று சேர்கின்றது என்று வைத்துக்கொள்வோம். கிழமை முடிவில் நீரிற் கால்வாசியை நீக்கி, நைத்திரேற்று இல்லாத புதுநீர் விடுகின்றோம். முதற்கிழமை முடிவில் 10 பங்கு, மாற்றியபின் 7½. மறுகிழமை முடிவில் 17½. மாற்றியபின் ஏறத்தாழ 13. இவ்வாறே தொடர்ந்தால் எங்கே போய் நிற்கும்? 40 பங்கை எட்டும்போது நின்றுவிடும். ஏனெனில் 40 இன் கால்வாசி 10. சேர்வதும் நீங்குவதும் அங்கே சமமாகின்றன.

இதிலிருந்து எளிய விதியொன்று பெறப்படும்: கிழமைதோறும் சேரும் அளவை, மாற்றும் நீரின் பின்னத்தால் வகுத்தால் உச்ச அளவு கிடைக்கும். பாதி நீரை மாற்றுவோர்க்கு உச்சம் 20. கால்வாசி மாற்றுவோர்க்கு 40. பத்தில் ஒன்று மாற்றுவோர்க்கு 100. ஒன்றுமே மாற்றாதார்க்கு உச்சம் என்பதே இல்லை. ஓராண்டில் 520 பங்கு சேர்ந்துவிடும்.

இங்கே கவனிக்கத் தக்கது ஒன்று. 25 சதவீதம் வீதம் இருமுறை மாற்றினால் 50 சதவீதம் மாற்றியதாகுமா? ஆகாது. முதன்முறை மாற்றியபின் எஞ்சும் பழைய நீர் 75 சதவீதம். இரண்டாம் முறை அதிற் கால்வாசி போக எஞ்சுவது ஏறத்தாழ 56 சதவீதம். இரண்டாம் முறை நாம் நீக்குவதில் முன்பு விட்ட புதுநீரும் ஒரு பகுதி. எனவே அழுக்கை நீக்குவதில் ஒரே முறை பாதி மாற்றுதல் சிறிது வலியது. ஆயின் வலிமை ஒன்று மட்டுமே வேண்டப்படுவதன்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

வற்றியதை நிரப்புதல் வேறு

"கிழமைதோறும் நான் நீர் விடுகின்றேனே" என்று கூறுவாருட் பலர், வெயிலால் வற்றிய நீரை ஈடு செய்பவரே. வற்றும்போது ஆவியாகச் செல்வது நீர் மட்டுமே. உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்குகின்றது. அதன்மேல் விடும் நீரோ தன் உப்பையும் கொண்டுவருகின்றது. நாள்தோறும் கொதிக்கும் கேத்தலின் அடியில் வெண்படை படிவதை இல்லத்தரசிகள் அறிவர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் அது எத்துணை விரைவாகப் படிகின்றது என்பதையும் அறிவர். நிரப்புவதே தொழிலாகக் கொண்ட தொட்டியும், மெல்ல வற்றும் ஒரு கேத்தலேயாகும். ஆதலால் முதலிற் பழைய நீரை எடுத்தல் வேண்டும். பின்னரே புதுநீரை விடுதல் வேண்டும்.

தூய நீரில் மீன் இறப்பது ஏன்?

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நீர் மாற்றப்படாத தொட்டியிலே, அமோனியாவை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்களின் தொழிலால் அமிலம் உண்டாகின்றது. நீரிலுள்ள காரத்தன்மை அதனைச் சிறிது காலம் தாங்கும். அது தீர்ந்தபின் நீர் அமிலமாகத் திரும்பும். அமில நீரில் அப்பற்றீரியாக்களும் சோர்வடையும். அமோனியா சேரத் தொடங்கும். ஆயினும் அமில நீரில் அமோனியா ஏறக்குறைய முழுவதும் அமோனியம் என்னும் தீங்கு குறைந்த வடிவிலேயே இருப்பதால், மீன்கள் எவ்வாறோ வாழ்ந்துகொண்டிருக்கும். வீட்டாரும், "எல்லாம் நலமே" என்று இருந்துவிடுவர்.

ஒருநாள் திடீரென ஞானோதயம் ஏற்பட்டு, முக்காற்பங்கு நீரை இறைத்துவிட்டுக் காரத்தன்மையுள்ள புதுநீரை விடுகின்றனர். எஞ்சிய பழைய நீரிலும் மணலிலும் கிடந்த அமோனியம், அந்நேரமே கொடிய அமோனியாவாக மாறுகின்றது. அத்துடன், பல மாதங்களாக உப்பு மிகுந்த நீருக்குப் பழகிய மீனின் உடல், உப்புக் குறைந்த நீரில் ஒரு நாழிகைக்குள் தன்னைச் சரிசெய்ய இயலாது தவிக்கின்றது. மணலையும் வடிகட்டியையும் குழாய் நீரிற் கழுவியிருந்தால், துணைநின்ற பற்றீரியாக்களும் மாண்டிருக்கும். மீனைக் கொன்றது தூய நீரன்று. பல மாதப் புறக்கணிப்பும் ஒருநாள் அவசரமும் ஒருங்கே கூடியதன் விளைவே அது.

செடிகளும் இவ்வதிர்ச்சிக்கு விலக்கல்ல. நம் நாட்டு ஈரவலயத்தின் நிழல் படர்ந்த ஓடைகளில் வளரும் கிரிப்டோகொரைன் என்னும் செடியினம் உலகெங்கும் நீர்த்தொட்டி வளர்ப்போரின் அன்புக்குரியது. அவற்றுட் பல இலங்கைக்கே உரியன. ஒல்லாந்துத் தாவரவியலாளர் டி விற் 1958 ஆம் ஆண்டில் விவரித்துப் பெயரிட்ட வென்டியீ என்னும் இனமும் அவற்றுள் ஒன்று. ஒளியோ, வெப்பமோ, நீரின் தன்மையோ சடுதியாக மாறுமாயின், இச்செடியின் இலைகள் சில நாட்களுள் கூழாகக் கரைந்துவிடும். கண்டு மனமுடைந்து செடியைப் பிடுங்கி எறிவோர் உளர். அது வேண்டா. கரைந்த இலைகளை மட்டும் நீக்குக; கிழங்கு உயிரோடிருக்கும்; சில கிழமைகளில் அதிலிருந்து புதுத்தளிர் தோன்றும்.

எத்தொட்டிக்கு எவ்வளவு?

சாதாரண வெளிச்சமும், அளவான மீன்களும், செழித்த செடிகளும் உடைய தொட்டிக்குக் கிழமைக்கொருமுறை கால்வாசி நீர் மாற்றுதல் போதுமானது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 56 லீற்றர். மணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் கழிய, அதில் நிற்கும் நீர் 45 லீற்றர் அளவினதே. அதிற் கால்வாசி 11 லீற்றர். அதாவது ஒரு பெரிய வாளி நீர். கிழமைக்கு ஒரு வாளி என்பது எவருக்கும் பாரமானதன்று.

மீன் மிகுந்தும் செடி குறைந்தும் உள்ள தொட்டிக்கு மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை வேண்டும். வலிய ஒளியும், காபனீரொட்சைட்டு வாயுவும், உரமும் இட்டுச் செடி வளர்ப்போர்க்கும் கிழமைக்குப் பாதியே முறை. உரத்தைத் தேவைக்குச் சற்று மிகுதியாகவே இட்டு, மிஞ்சியதைக் கிழமை முடிவில் நீருடன் அகற்றுவது அவர்தம் வழக்கம். இம்முறையை வகுத்துப் பரப்பியவர் அமெரிக்கரான தொம் பார்.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் டயானா வோல்ஸ்ரட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. மணலின் அடியில் தோட்டத்து மண்ணை இட்டு, செடிகளை அடர்த்தியாக நட்டு, மீன்களை அளவோடு வைத்தால், பல மாதங்களுக்கொருமுறை நீர் மாற்றினாலும் போதும் என்பது அவர் முறை. 1999 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் இதனை விளக்குகின்றது. இரண்டு முறைகளும் பிழையல்ல. ஒருவர் மிகுதியாக இட்டு மிகுதியாக எடுக்கின்றார். மற்றவர் அளவோடு இட்டு, எடுக்கும் வேலையைப் பெரிதும் செடிகளிடம் விடுகின்றார். ஒருவருடைய இடுதலையும் மற்றவருடைய எடுத்தலையும் கலந்துகொள்வதே பிழை.

புதிதாக அமைத்த தொட்டியில் பற்றீரியாக்கள் பெருகச் சில கிழமைகள் செல்லும். அக்காலத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை மூன்றிலொரு பங்கு மாற்றுதல் நன்று. மீன்களைப் பின்னரே சிறிது சிறிதாக விடுதல் வேண்டும்.

பல மாதங்கள் கவனியாது விட்ட தொட்டிக்கோ, ஒன்றுவிட்ட ஒருநாள் பத்தில் ஒரு பங்கு வீதம் மாற்றுக. பத்து முறை அவ்வாறு செய்தபின் எஞ்சும் பழைய நீர் ஏறத்தாழ 35 சதவீதமே. மீனும் செடியும் அம்மாற்றத்தை உணராமலே தேறிவிடும். அதன்பின் வழக்கமான கால்வாசிக்கு வரலாம்.

புதுநீர் எத்தகையது?

பழைய நீரைப் பற்றி எண்ணுவோர் புதுநீரைப் பற்றி எண்ணுவதில்லை. கொழும்பு நகருக்கு லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி கங்கையிலிருந்தும் வரும் குழாய் நீர் மென்மையானது. கிரிப்டோகொரைனுக்கும், இந்நாட்டு ஓடைகளுக்கே உரிய செரி பாப் என்னும் சிறு செம்மீனுக்கும் உகந்தது. ஆயின் அதிற் குளோரீன் உண்டு. வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்தால், அல்லது காற்றுப் பம்பியாற் சில மணி நேரம் குமிழியிடச் செய்தால், குளோரீன் நீங்கிவிடும். குளோரமீன் சேர்த்த நீராயின் அது அவ்வாறு எளிதில் நீங்காது. கடைகளில் விற்கும் நீர் பதமாக்கும் மருந்தை, குறித்த அளவில் இடுதல் வேண்டும். வைத்த நீரை வலைத்துணியால் மூடி, இரண்டு நாட்களுக்குள் உபயோகித்துவிடுக. டெங்கு நுளம்புக்கு ஒரு வாளி நீரே போதும் என்பதை நாம் மறத்தலாகாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதை வேறு. அங்கே சுண்ணாம்புக் கற்பாறையின் ஊடே ஊறிவரும் கிணற்று நீர் வன்னீர். குளோரீன் இடப்படாத கிணறாயின் அப்பயம் இல்லை. வலிசினேரியா போன்ற செடிகள் வன்னீரிற் செழிக்கும். ஆயின் மற்றொன்றை நோக்குதல் வேண்டும். உரமிட்ட தோட்டங்களிலிருந்தும் மலசலக் குழிகளிலிருந்தும் ஊறிச் சென்ற நைத்திரேற்று, வலிகாமம் முதலிய பகுதிகளின் பல கிணறுகளிற் கலந்திருத்தல் ஆய்வுகளாற் கண்ட உண்மை. அத்தகைய நீரை எத்துணை முறை மாற்றினாலும், தொட்டியின் நைத்திரேற்று கிணற்றின் அளவுக்குக் கீழே இறங்காது. மேலே கண்ட கணக்கில் "நைத்திரேற்று இல்லாத புதுநீர்" என்று கொண்டோம் அன்றோ? அந்நிபந்தனை இங்கே பொய்த்துப் போகின்றது. அங்கே செடியும் கத்தரிக்கோலுமே மெய்யான துணை. சேர்த்து வைத்த மழைநீரைக் கலப்பதும் நன்று.

மீன்தொட்டிக்கென விற்கும் நைத்திரேற்றுச் சோதனைத் தாளால், தொட்டி நீரை மட்டுமன்றிக் கிணற்று நீரையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அளவு மிகுந்தால், புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. வற்றுவதால் அது செறிவடையவே செய்யும். தாளின் நிறம் ஐயத்தைத் தருமாயின், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கூறி, நீரை முறையாகப் பரிசோதிக்கச் செய்க. ஒரு மீன்தொட்டி வீட்டுக்குச் செய்யக்கூடிய பேருதவி இதுவேயாகலாம்.

செய்யும் முறை

கிழமையில் ஒரு நாளைக் குறித்துக்கொள்க; பாடசாலை இல்லாத சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வசதியானது. முதலில் மின்சாரத்தை நிறுத்துக. கையைச் சவர்க்காரமின்றிக் கழுவுக. பழுத்த இலைகளைக் கத்தரித்து எடுத்தபின், றப்பர்க் குழாயால் மணலின் மேற்பரப்பிலுள்ள கசடோடு நீரை வாளிக்குள் இறக்குக. செடியின் வேரடி மணலைக் கிளறவேண்டா. மீன்களை வெளியே எடுக்கவும் வேண்டா. பிடிப்பதே அவற்றுக்குப் பெருந்துன்பம். வடிகட்டியின் பஞ்சு அடைத்திருந்தால், வாளிக்கு இறக்கிய தொட்டி நீரிலேயே அலசுக. ஒருபோதும் குழாய் நீரில் அலசற்க. புதுநீரின் வெப்பம் பழைய நீரின் வெப்பத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும். மலைநாட்டில் வாழ்வோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். மணல் குழியாதபடி ஒரு சிறு தட்டின்மேல் மெல்ல ஊற்றுக. தொடக்கம் முதல் முடிவு வரை அரை மணி நேர வேலையே இது.

இறக்கிய நீரை வீணாக்கவேண்டா. கறிவேப்பிலைக்கும் உரோசாவுக்கும் அது நல்ல பசளை. கத்தரித்த செடிகளைக் காயவிட்டுப் பசளைக் குழியில் இடுக. வாய்க்காலிலும் குளத்திலும் எறியற்க. நம் நாட்டு ஓடைச் செடியாகிய கிரிப்டோகொரைன் பெக்கெற்றியீ, மீன்தொட்டி வழியாக அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்துச் சான் மார்க்கொசு ஆற்றில் வேரூன்றி, அங்கே களையாகிக் களைந்தெறியப்பட்டது. நம் ஓடையில் அருஞ்செல்வம். பிறர் ஆற்றிலே களை. பிறநாட்டுச் செடியும் மீனும் நம் குளங்களில் அதே தொல்லையைத் தரக்கூடும்.

ஓடையில் வாழும் மீனுக்கு மழையும் பெருக்கும் நாள்தோறும் நீர் மாற்றுகின்றன. அதனைப் பிடித்து நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் வைத்த நாமே அதற்கு மழை; நாமே அதற்கு ஆறு. மழை பொய்த்தாலும் தீங்கு. ஒரேயடியாகக் கொட்டினாலும் தீங்கு. காலந்தவறாது கிழமைக்கொரு வாளி பெய்யட்டும். அக்கடமையைப் பிள்ளைகளின் கையில் ஒப்படைக்கும் பெற்றோர், மீன் வளர்ப்பதை மட்டுமன்றி, வாய் திறந்து கேட்க இயலாத உயிரொன்றின் தேவையை நாளறிந்து நிறைவேற்றும் பழக்கத்தையும் அவர்களிடம் வளர்த்தவராவர்.